வராதவர்களின் எண்ணிக்கை

ஜனவரி 9

சுகாதாரத் துறை, திட்டப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

மலை மாவட்ட மருத்துவமனையின் நர்சிங் கண்காணிப்பாளர் எழுதுவது.

உனக்கு இத்தனை வருஷமாக "அன்புள்ள தம்பிக்கு" என்றுதான் தொடங்கியிருக்கிறேன். இன்று கை வரவில்லை. நீ கையெழுத்திட்ட உத்தரவு எங்கள் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. "பயன்பாடு மிகக் குறைவாக இருப்பதால் அறுவை அரங்கம் மூடப்படுகிறது. மயக்க மருத்துவர் பணியிடம் திரும்பப் பெறப்படுகிறது." அடியில் நீ. பள்ளிக்கூடத்தில் போட்ட மாதிரியே கடைசி எழுத்துக்கு வால் நீளம்.

போன வாரம் திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு மேல்கிராமத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முதல் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. எங்களிடம் மகப்பேறு மருத்துவர் இருக்கிறார், மேஜை இருக்கிறது, விளக்கு எரிகிறது. மயக்க மருந்து கொடுக்க ஆளில்லை. உன் அண்ணன்தான் ஆம்புலன்ஸை எடுத்தார். சமவெளி ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம். தாய் பிழைத்தாள். குழந்தை வழியிலேயே போய்விட்டது.

திரும்பி வந்தவர் வண்டியைக் கழுவினார். நோட்டில் நேரம் எழுத உள்ளே வந்தபோது பலகையைப் பார்த்தார்.

"இது நம்ம தம்பி கையெழுத்தா?"

"ஆமா."

"சரி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவ்வளவுதான். உன் அண்ணன் கத்தினால் நான் பயப்பட மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அவர் கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நான் போனில் பேசியிருக்கலாம். ஆனால் "அண்ணி, ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கேளுங்க" என்று நீ குறுக்கே வருவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

உன்னிடம் சலுகை கேட்க இதை எழுதவில்லை. எதை வைத்து எங்களுக்குப் "பயன்பாடு குறைவு" என்று முடிவு செய்தாய்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. இருபத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். புரிந்துகொள்வேன்.

அண்ணி


ஜனவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எனக்குப் பதவி போட்டு எழுதினாலும் நான் அப்படித்தான் தொடங்குவேன்.

அந்தக் குழந்தையின் செய்தியைப் படித்துவிட்டு அன்று அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை அதிகாரியாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு மாவட்டங்களுக்கு ஒரே நிதி. நான் இந்த நாற்காலிக்கு வரும் முன் அது எப்படிப் பிரிக்கப்பட்டது தெரியுமா? யார் அமைச்சர் அறை வாசலில் அதிக நேரம் நின்றார்களோ அவர்களுக்கு. ஒரு மாவட்டத்துக்கு மூன்று ஸ்கேன் எந்திரம், பக்கத்து மாவட்டத்துக்குக் காய்ச்சல் மாத்திரைகூட இல்லை. அதை நிறுத்தத்தான் நான் ஒரு சூத்திரம் எழுதினேன். எத்தனை நோயாளிகள் வந்தார்கள், எத்தனை கட்டில் நிரம்பியது, எத்தனை அறுவை சிகிச்சை நடந்தது. வேலை நடக்கும் இடத்துக்குப் பணமும் ஆளும். யாருடைய செல்வாக்கும் செல்லாது. இரண்டு வருஷம் சண்டை போட்டு அமல்படுத்தினேன். இன்றும் அதில் எனக்குப் பெருமைதான்.

தலைநகரப் பெரிய ஆஸ்பத்திரியில் போன வருஷம் ஆறாயிரத்து இருநூறு அறுவை சிகிச்சை. உங்கள் தியேட்டரில் நாற்பத்தொன்று. மயக்க மருத்துவர்கள் எங்குமே போதவில்லை. நாற்பத்தொன்றுக்காக ஒருவரை எப்படி உட்கார வைப்பது?

உங்கள் மாவட்டத்தின் வரிசையை நான் மற்றவற்றோடு சேர்த்துத்தான் பார்த்தேன். அண்ணன் வேலை பார்க்கும் இடம் என்று அதை மட்டும் தள்ளி வைத்திருந்தால் எனக்கு என்ன பெயர் வைத்திருப்பீர்கள்?

அண்ணன் போனை எடுக்க மாட்டேன் என்கிறார். கோபமாக இருக்கட்டும். என்னிடம் கோபப்படட்டும், போனிடம் வேண்டாம்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

நாற்பத்தொன்று சரிதான். ஆனால் எத்தனை மாதத்தில் என்று கேட்டாயா? எங்கள் மயக்க மருத்துவரை ஏழு மாதம் மாற்றுப்பணியில் அனுப்பினார்கள். எங்கே? உன் தலைநகரப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அனுப்பியது யார்? உன் துறை. அவர் இங்கே இருந்த ஐந்து மாதத்தில் நடந்ததுதான் அந்த நாற்பத்தொன்று. அவர் அங்கே செய்தது உன் ஆறாயிரத்து இருநூறில் சேர்ந்திருக்கிறது. சமையல்காரரை நீங்களே கூட்டிக்கொண்டு போய்விட்டு, இந்த வீட்டில் யாருக்கும் பசியே இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

இன்னொன்று. வந்தவர்களை எண்ணுகிறாய். வராதவர்களை யார் எண்ணுவது?

மழை தொடங்கினால் ஆற்றுப் பாலம் மூன்று மாதம் தண்ணீருக்குள் இருக்கும். அக்கரையில் பதினாறு கிராமம். இக்கரையிலும் மேல்பாதைக்கு ஒரே பஸ். காலை பத்தரைக்கு இங்கே வரும், பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு ஒரு மணிக்குத்தான் வரும். முடிவை வாங்க நின்றால் பஸ் போய்விடும். நம்மவர்களுக்கு வியாதி இல்லாமல் இல்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். உன் சூத்திரம் எங்களைப் பார்த்து "ஆரோக்கியமான மாவட்டம்" என்று சொல்கிறது.

நீ நியாயமாகச் செய்யத்தான் நினைத்தாய். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சின்ன வயசில் மாம்பழத்தை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டியவன்தானே நீ. ஆனால் பந்திக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் அளந்து போடுகிறாய்.

அண்ணி


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

மாற்றுப்பணிக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஏழு மாதம் நான்கு நாள். நீங்கள் சொன்னது சரி. அந்த உத்தரவில் கையெழுத்துப் போடும் முன் அதை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

ஆனால் ஒரு மாவட்டத்தின் தவறைத் திருத்தினால் அது சலுகை. சூத்திரத்தையே திருத்தினால்தான் நியாயம். அதற்கு எனக்கு எண் வேண்டும். வராதவர்களுக்குப் பதிவேடு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

ஒரு வழி தோன்றுகிறது. உங்கள் கிராம நர்ஸ்கள் வீடு வீடாகப் போய், "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள் அல்லவா? அடிக்கட்டை அவர்களிடம் இருக்கும். அதையும் உங்கள் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தால், அனுப்பியவர்களில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று தெரியும். வராதவர்களின் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்க வேண்டும். பதினொரு மாவட்டமும் அதே மாதிரி செய்யக்கூடிய முறையாக இருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கூட்டி எழுதாதீர்கள். உங்களுக்குச் சாதகமில்லாத காரணம் வந்தால் அதையும் எழுதுங்கள். இங்கே ஒரு எண் தப்பென்று கண்டுபிடித்தால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

மார்ச் முடிவதற்குள் வந்தால் அடுத்த நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டுக் கூட்டத்தில் வைக்கலாம்.

தம்பி


மார்ச் 19

அடேய் பென்சில்,

பார், பழைய பெயர் தானாக வந்துவிட்டது. காதில் பென்சில் செருகிக்கொண்டு திரிந்தவனைப் பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது? இந்த ஐந்து வாரம் நானும் அப்படித்தான் திரிந்தேன்.

பதினெட்டு கிராம நர்ஸ்கள் வேலை செய்தார்கள். முதல் கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: "சிஸ்டர், வந்தவங்களுக்கே மாத்திரை இல்ல. வராதவங்களப் போய் ஏன் வரலேன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கேக்குறது?" நான் சொன்னேன்: "இந்த மூஞ்சியத்தான் வச்சிக்கிட்டு. வேற மூஞ்சி சப்ளை வரல." சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள்.

கணக்கு இது. ஒரு வருஷத்தில் சீட்டு கொடுத்து அனுப்பியவர்கள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வந்து சேர்ந்தவர்கள் ஐந்நூற்றிரண்டு. வராதவர்கள் எண்ணூற்றுப் பத்து. அதில் பாலம், பஸ், தூரம் என்று சொன்னவர்கள் நானூற்று அறுபத்தாறு. ஒரு நாள் கூலி போய்விடும் என்றவர்கள் நூற்று எழுபத்தொன்று. "அங்க டாக்டர் இல்லையாமே" என்றவர்கள் தொண்ணூற்றேழு. காரணம் தெரியாதது பதினெட்டு.

மீதி ஐம்பத்தெட்டு பேரை எழுதும்போது எனக்குப் பேனா நகரவில்லை. அத்தனை பேரும் பெண்கள். பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் திட்டுகிறார், கை நீட்டுகிறார், அதனால் வரமாட்டோம் என்றார்கள். அந்த நர்ஸ் என் கீழ் வேலை பார்ப்பவர். எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். கொஞ்சம் தெரியும். ஆள் பற்றாக்குறை என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஐம்பத்தெட்டைத் "தூரம்" என்ற கட்டத்தில் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். சேர்க்கவில்லை. தனிக் கட்டமாகவே இருக்கிறது. அவரைப் பிரசவ வார்டிலிருந்து எடுத்துவிட்டேன். விசாரணைக்கும் எழுதிவிட்டேன்.

ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் எத்தனை மணி நேரம் ஆகும் என்ற பட்டியலை இணைத்திருக்கிறேன். வெயில் காலத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. அது உன் அண்ணன் கொடுத்தது. பதினைந்து வருஷத்து ஆம்புலன்ஸ் நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் படிக்க, நான் எழுதினேன். யாருக்காக என்று நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "யாருக்குப் போகுதுன்னு தெரியும். நீ எழுது."

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லதும் கெட்டதும் சேர்ந்தே சொல்கிறேன்.

உங்கள் கணக்கை எங்கள் இயக்குநர் அம்மாவிடம் கொண்டுபோனேன். முழுக்கப் படித்தார். ஐம்பத்தெட்டு என்ற கட்டத்தில் விரல் வைத்து, "இத எழுதினவங்க நம்பக்கூடிய ஆளு" என்றார். யார் எழுதியது என்று கேட்டார். "எங்க அண்ணி மேடம். எங்க அண்ணன் அங்க ஆம்புலன்ஸ் டிரைவர்" என்றேன். எழுத்திலும் கொடுத்தேன். கோப்பை மூடினார். பிறகு சொன்னார்:

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம். நீங்க கொண்டுவந்தா சரியா இருக்காது."

அன்றே அந்தக் கோப்பு என் மேஜையிலிருந்து பக்கத்து அறைச் சக அதிகாரியிடம் போய்விட்டது. நான் எழுதிய சூத்திரத்தைத் திருத்தும் வேலையில் இனி எனக்கு இடமில்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நல்ல செய்தி: உங்கள் முறையிலேயே எண்ணச் சொல்லிப் பதினொரு மாவட்டத்துக்கும் உத்தரவு போயிருக்கிறது. ஆறு வாரம் கெடு. ஒதுக்கீட்டுக் கூட்டத்தை மே 20-க்குத் தள்ளி வைத்திருக்கிறார். முறையை விளக்க உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். என்னை அந்த அறைக்குள் விட மாட்டார்கள். ஆகவே நீங்கள் தனியாகத்தான் பேச வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரி டீன் எதிர்ப்பார். அவரைக் கெட்டவராக நினைத்துப் போகாதீர்கள். அவருடைய வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். அவரும் தம் நோயாளிகளுக்காகத்தான் கத்துவார்.

அழ வேண்டாம். போட்டோ வேண்டாம். ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள்.

இன்னொன்று: கூட்டம் முடியும்வரை எங்கள் வீட்டில் தங்க வேண்டாம் அண்ணி. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் மனைவி இதைக் கேட்டதிலிருந்து என்னிடம் பேசவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

புரியும். அரசு விடுதியில் அறை சொல்லிவிட்டேன். உன் மனைவியிடம் பேசிவிட்டேன், இன்று உனக்குச் சாப்பாடு கிடைக்கும்.

நான் அழுவேன் என்று யார் சொன்னது?

அண்ணி


மே 23

தம்பிக்கு,

உனக்கு முடிவு தெரிந்திருக்கும். ஆனால் உள்ளே நடந்ததை நான் சொன்னால்தான் தெரியும்.

நீள மேஜை. பதினொரு மாவட்ட அதிகாரிகள், பெரிய ஆஸ்பத்திரி டீன், உன் இயக்குநர் அம்மா. நான் ஒருத்திதான் நர்ஸ். உட்கார்ந்ததும் ஒருவர் என்னிடம் தண்ணீர் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு, "அடுத்து நான்தான் சார் பேசணும்" என்றேன். பாவம், அவருக்குப் புரை ஏறிவிட்டது.

என் தாளைக் காட்டிப் பத்து நிமிஷம் பேசினேன். நீ சொன்னபடியே டீன் எழுந்தார்.

"எங்க வார்டுல ஒரு கட்டில்ல ரெண்டு பேர் படுத்திருக்காங்கம்மா. வந்து பாருங்க. அவங்ககிட்ட இருந்து எடுத்து, காலியா கெடக்குற உங்க கட்டிலுக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

"சார், அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் எங்க ஆளு."

"என்ன?"

"உங்க சேர்க்கைப் பதிவேட்டுல ஊர்ப் பேரு இருக்கும் சார். எடுத்துப் பாருங்க. எங்ககிட்ட வைத்தியம் இல்லாததாலதான் அவங்க உங்க கட்டில்ல பாதியில படுத்திருக்காங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். வெளியே போய்த் தன் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அரை மணி நேரம் மற்றவர்கள் பேசினார்கள். திரும்பி வந்து கையிலிருந்த துண்டுச் சீட்டைப் படித்தார்: "இன்னிக்கு உள்நோயாளிங்க ஆயிரத்து நூத்தி நாப்பது. அதுல வெளி மாவட்டத்துக்காரங்க நானூத்திப் பன்னண்டு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து வருஷமா கட்டில் வேணும் கட்டில் வேணும்னு கேட்டுக்கிட்டிருந்தேன். இவங்க எங்கிருந்து வர்றாங்கன்னு நான் கேட்டதே இல்ல." அதற்குப் பிறகு அவர் எதிர்க்கவில்லை. என்னைவிட உரக்கப் பேசினார், ஆதரவாக.

சூத்திரம் மாறியது. இனி மக்கள்தொகை, நோய், போய்ச் சேர ஆகும் நேரம், தேவைப்பட்டும் வராதவர்களின் விகிதம் இத்தனையும் பார்க்கப்படும். வந்தவர்களின் எண்ணிக்கையும் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை.

பிறகு புது அளவுப்படி வரிசையைப் படித்தார்கள்.

நாங்கள் இரண்டாவது.

முதலில் வந்தது உப்பள மாவட்டம். அதன் அதிகாரி மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான டாக்டர், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. எங்களிடம் நூற்றுக்கு முப்பத்தெட்டு பேர் வந்து சேருகிறார்கள். அவரிடம் நூற்றுக்குப் பத்தொன்பது. அங்கே ஆபரேஷன் தியேட்டர் இருந்ததே இல்லையாம். இல்லாததை மூட முடியாது என்பதால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

இந்த வருஷம் கொடுக்க ஒரே ஒரு மயக்க மருத்துவர்தான் இருக்கிறார். இயக்குநர் அம்மா என்னைப் பார்த்தார்.

"நீங்க குடுத்த அளவுகோல்தான். ஒத்துக்கிறீங்களா?"

தம்பி, எனக்கு அந்த நேரத்தில் ஜனவரியில் குழந்தையை வழியில் இழந்த அந்தப் பெண்தான் கண் முன்னால் வந்தாள். வாக்குவாதம் செய்யச் சொற்கள் இருந்தன. மலை என்று சொல்லியிருக்கலாம், பாலம் என்று சொல்லியிருக்கலாம். "ஒத்துக்கிறேன்" என்றேன். பிறகு கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அது அழுகை இல்லை, வெயில்.

எங்களுக்குக் கிடைத்தவை: அக்கரையில் பிரசவம் பார்க்கும் வசதியோடு ஒரு துணை நிலையம், இரண்டாவது ஆம்புலன்ஸ், பரிசோதனைக்கூடத்துக்கு இன்னொரு ஆள். தியேட்டரும் மயக்க மருத்துவரும் அடுத்த நிதியாண்டில், எழுத்தில்.

பஸ் நிலையத்தில் உன் அண்ணன் நின்றார். என் பையை வாங்கிக்கொண்டார்.

"கெடைச்சுதா?"

"இந்த வருஷம் நமக்கு இல்ல."

"யாருக்குப் போச்சு?"

"உப்பளத்துக்கு."

"அங்க எத்தன பேரு வர்றாங்க?"

"நூத்துக்குப் பத்தொம்பது."

வண்டியை எடுத்தார். இரண்டாவது வளைவு தாண்டி, மூன்றாவது வளைவு தாண்டி, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்: "அப்போ அவங்களுக்குத்தான்."

அண்ணி


ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவி உரக்கப் படித்தாள். தண்ணீர் கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு எல்லா மாவட்டக் கணக்கும் வந்துவிட்டன. கோப்பு என்னிடம் இல்லை என்றாலும், பக்கத்து அறை அதிகாரி கூட்டல் சரிதானா என்று என்னிடம் கேட்டார். வரிசையைப் பார்த்தேன். நீங்கள் இரண்டாவது. உப்பளம் தட்டை நிலம், உங்களுடையது மலை. ஆகவே பயண நேரத்துக்கு உள்ள மதிப்பெண்ணைப் பதினைந்திலிருந்து இருபத்தைந்தாக மாற்றினால் நீங்கள் முதலில் வந்துவிடுவீர்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இருபத்தஞ்சு வெச்சா இன்னும் நியாயமா இருக்குமே" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மாற்றியிருப்பார். என்னை மதிப்பவர்.

"கூட்டல் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று முழுவதும் நான் செய்தது சரியா, அண்ணனுக்குத் துரோகமா என்று தெரியவில்லை. நீங்கள் "ஒத்துக்கிறேன்" என்று சொன்னதைப் படித்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஜூலையில் பத்து நாள் லீவு எடுக்கிறேன். அங்கே வர ஆசை. இந்தத் தடவை கோப்பில்லாமல். அண்ணன் கதவைத் திறப்பாரா?

தம்பி


ஜூன் 16

பென்சிலுக்கு,

நீ அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், உன் முகத்தில் நான் விழித்திருக்க மாட்டேன். உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "பதினஞ்சா இருபத்தஞ்சா, எது சரி?" என்று கேட்டார். "பதினஞ்சுதான்" என்றேன். தலையை ஆட்டினார்.

கதவைப் பற்றிக் கவலைப்படாதே. பகலில் எங்கள் வீட்டுக் கதவு மூடுவதே இல்லை.

இன்னொரு சேதி. நேற்று உப்பள மாவட்டத்து டாக்டர் போன் செய்தார். கூட்டத்தில் பேசாதவர் போனில் நன்றாகப் பேசுகிறார். "சிஸ்டர், புது டாக்டரம்மா வந்து சேந்துட்டாங்க. தியேட்டர் கட்டி முடிக்க எனக்கு எட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் பழைய பிரசவ அறையத்தான் சரி பண்ணிக்கிட்டிருக்கேன், அதுல வாரம் நாலு நாள்தான் ஓடும். உங்க தியேட்டர் சும்மாதானே இருக்கு? வியாழக்கிழமையெல்லாம் அவங்கள உங்ககிட்ட அனுப்பட்டுமா?" அவரே தொடர்ந்தார்: "நீங்க அன்னிக்கு வாதாடியிருந்தா நான் உங்களுக்கே விட்டுக் குடுத்துட்டு வந்திருப்பேன். எனக்கு வாதாடத் தெரியாது."

இரண்டு மாவட்டமும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். இயக்குநர் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். எல்லைச் சாவடியிலிருந்து அந்த டாக்டரம்மாவைக் கூட்டி வருவதும் கொண்டுபோய் விடுவதும் உன் அண்ணன் பொறுப்பு. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அண்ணி


ஜூலை 24

அன்புள்ள அண்ணிக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். முழங்காலில் இன்னும் சேறு இருக்கிறது போலவே தோன்றுகிறது.

நீங்கள் வார்டில் இருந்த அந்தப் புதன்கிழமை நடந்ததை உங்களிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. அண்ணன் சொல்லியிருக்கவும் மாட்டார். நான் வந்து மூன்று நாளாக அவர் எனக்குத் தட்டு வைத்தார், துண்டு எடுத்துக் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று காலை ஆம்புலன்ஸில் முன் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏறிக்கொண்டேன்.

ஆற்றங்கரையில் பாலத்தைக் காணோம், தண்ணீர்தான். அக்கரையிலிருந்து வயிற்று வலிக்காரர் ஒருவரை நாற்காலியில் கட்டித் தூக்கி வந்தார்கள். மூன்று பேர்தான் இருந்தார்கள், நாற்காலிக்கு நாலு கால். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கினேன். நடு ஆற்றில் கால் வழுக்கியது. அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது:

"செருப்பக் கழட்டுடா. வெரல ஊனி நட."

ஆறு மாதத்துக்குப் பிறகு அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. கழற்றினேன். ஒன்று ஆற்றோடு போய்விட்டது. கரை ஏறியதும் அவர் அதைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், நோயாளியே வலியை மறந்து திரும்பிப் பார்த்தார்.

போகும் வழி முழுக்கப் பேசினார். அந்தக் குழந்தையைப் பற்றியும் சொன்னார். வண்டி எந்த வளைவில் இருந்தபோது என்றும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தபோது, "விடு. அண்ணிகிட்ட கேட்டியா? கேட்டிருப்ப. போதும்" என்றார்.

வியாழக்கிழமை ஏற்பாட்டுக்கு நேற்று இயக்குநர் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். எல்லா மாவட்டங்களுக்கும் அதை மாதிரியாக அனுப்பச் சொல்லியிருக்கிறார். அந்தச் சுற்றறிக்கையை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். "இதுல உங்க வீட்டுக்காரங்க யாரும் இல்லையே?" என்று கேட்டார். "எல்லாரும் இருக்காங்க மேடம்" என்றேன். சிரித்துவிட்டுக் கொடுத்தார்.

தம்பி


ஆகஸ்ட் 8

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று முதல் வியாழக்கிழமை.

மயக்க மருந்து டாக்டரம்மா எட்டரைக்கு வந்து இறங்கினார். சின்னப் பெண். மலைப்பாதை வளைவுகளில் முகம் வெளுத்திருந்தது. டீ கொடுத்து உட்கார வைத்தோம். பத்து நிமிஷத்தில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஏழு மாதமாகத் துணி போர்த்திக் கிடந்த அறையை முந்தின நாளே மூன்று தடவை கழுவியிருந்தோம். எங்கள் மகப்பேறு மருத்துவர் காலையிலிருந்து கையுறையைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மூன்று ஆபரேஷன் நடந்தது. ஒரு குடலிறக்கம், ஒரு கர்ப்பப்பைக் கட்டி, ஒரு பிரசவம். பிரசவம் அவசரமாக வந்தது. இரட்டைக் குழந்தை, இரண்டாவது குழந்தைக்குக் கழுத்தில் கொடி சுற்றி இருந்தது. வெளியே எடுத்ததும் அழவில்லை. நான் முதுகைத் தேய்த்துக்கொண்டே எண்ணினேன். பதினொன்று எண்ணும்போது அழுதான். தாயும் இரண்டு குழந்தைகளும் நன்றாக இருக்கிறார்கள்.

உன் அண்ணன் தியேட்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழுகைச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றுகொண்டார். நான் வெளியே வந்து "ரெண்டும் நல்லாருக்கு" என்றேன். "கேட்டுச்சு" என்றார். பிறகு சட்டைப் பையைத் தடவிப் போனை எடுத்து, தள்ளிப் போய் நின்று யாருடனோ பேசினார். உன்னோடுதான் என்று சாயங்காலம்தான் எனக்குத் தெரியும்.

நாலு மணிக்கு அந்தப் பெண்ணின் மாமனார் என்னைத் தேடி வந்தார். அக்கரைக் கிராமத்தார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, "அதெல்லாம் வேணாம் ஐயா, போய்க் குழந்தைங்களப் பாருங்க" என்றேன்.

"அதில்லம்மா. இந்த டாக்டரு அடுத்த வியாழக்கிழமையும் வருவாங்களா?"

"வருவாங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. ஏன் கேக்குறீங்க?"

"எங்க தெருவுல இன்னும் நாலு பேரு இருக்காங்கம்மா. வெளிய சொல்லாம படுத்திருக்காங்க. போயி சொல்லிடறேன்."

அண்ணி